நாகேஷுக்குத் தாய், வயது 37

திருகோணமலை பாலையூற்றில் எங்கள் வீட்டு ஹோலுக்குள், ரிவிக்கு நேர் முன்னால் ஒரு பிரம்புக் கதிரை இருந்தது. பொழுதுபட்டால் அது அம்மம்மாவின் இடம். வேறு யாரும் அதில் இருக்க மாட்டோம். 2011 கடைசியில் விஜய் டிவியில் ‘சரவணன் மீனாட்சி’ தொடங்கியபோது, டிஷ் பூட்டிய மற்ற வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அது ஓடத் தொடங்கியது. அந்தச் சோடியின் காதலை அம்மம்மா பெரிதாகக் கணக்கெடுக்கவில்லை. பாட்டி வேடத்தில் வந்த மனுசியைக் கண்டதும்தான் நிமிர்ந்து இருந்தார்.

“இவ எங்கட சர்வர் சுந்தரத்து அம்மா எல்லே? நான் குமரியா இருக்கேக்கையே இவ தாய். இன்னும் நடிக்கிறாவோ!”

பெயர் அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது. தேடிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்: எஸ். என். லட்சுமி.

அம்மம்மா வாய்க்கு வந்தபடி சொன்ன அந்த ஒரு வசனத்துக்குள் ஒரு தொழிலின் கணக்கே இருக்கிறது. ‘சர்வர் சுந்தரம்’ 1964இல் வந்தது. கே. பாலசந்தர் மேடைக்கு எழுதிய கதை; ஏவிஎம் தயாரிப்பில் கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினார்கள். நாகேஷ் பிறந்தது 1933. அவருக்குத் தாயாக நடித்த லட்சுமி பிறந்தது 1927. தாய்க்கும் மகனுக்கும் ஆறு வயதுதான் வித்தியாசம். 37 வயதில், வளர்ந்து உழைக்கிற ஒரு ஆண்பிள்ளைக்குத் தாயாக நின்றவர், அதன்பிறகு 48 ஆண்டுகள் தாயாகவும் மாமியாகவும் பாட்டியாகவுமே இருந்தார். இளமை வேடம் என்று சனங்கள் நினைவில் வைத்திருக்க அவரிடம் எதுவும் இல்லை. அதைக் குறையாகப் பார்க்கிறவர்கள் உண்டு. அவருடைய பலமே அதுதான் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்ல, அவர் எங்கிருந்து வந்தார் என்பதில் தொடங்க வேண்டும்.

விருதுநகர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, சின்ன வயதிலேயே தகப்பனை இழந்து, வயிற்றுப்பாட்டுக்காக நாடகக் குழுவில் சேர்ந்தவர் லட்சுமி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் நாடகக் குழுவிலும் இருந்தார். இந்த இடத்தை எங்கள் ஊரோடு வைத்துப் பார்த்தால்தான் அதன் பாரம் விளங்கும். தம்பலகாமம் போன்ற ஊர்களில் கூத்து ஆடிய காலத்தில் பெண் வேடத்தை ஆண்களே கட்டினார்கள். பெண் பிள்ளை களரியில் ஏறுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். தமிழ்நாட்டில் நாடகக் கம்பெனிகள் பெண்களைச் சேர்த்துக்கொண்டன என்றாலும், அதற்காக மரியாதை கிடைத்துவிடவில்லை. நாடகக்காரி என்ற சொல்லை ஊர் எந்தத் தொனியில் சொல்லும் என்று நான் விளக்கத் தேவையில்லை. தகப்பன் இல்லாத ஒரு சிறுமி அந்தச் சொல்லையும் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறாள்.

அந்த மேடை அவருக்குக் கொடுத்தவை பல. முதலாவது குரல். ஒலிபெருக்கி இல்லாமலோ, இருந்தும் சரியாக வேலை செய்யாமலோ, கடைசி வரிசைப் பாயில் இருக்கிறவருக்கும் வசனம் கேட்க வேண்டும். அதற்காகக் கத்தவும் கூடாது. இரண்டாவது ஞாபகம். இன்றைக்கு ஒரு நாடகம், நாளைக்கு இன்னொன்று, திடீரென ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய பாகமும் உங்கள் தலையில். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வயதை உடம்பில் வரவழைக்கிற வித்தை. மேடையில் தூரத்தில் இருப்பவனுக்கு முகச் சுருக்கம் தெரியாது. நடக்கிற நடையும், குந்துகிற விதமும், எழும்பும்போது கை எதைத் தேடுகிறது என்பதும்தான் தெரியும். கிழவியாக நடிக்கத் தெரிந்த ஒருத்தி முழங்காலில் இருந்து தொடங்குவாள். முகத்துக்குக் கடைசியாகத்தான் வருவாள்.

சினிமாவுக்குள் அவர் நுழைந்த வாசல் மிகச் சிறியது. 1948இல் ஜெமினி வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வில் ஒரு முரசு நடனம் வரும். ராட்சத முரசுகள், அவற்றின் மேல் வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கான நடனக்காரர்கள். இந்திய சினிமாவில் இன்றைக்கும் பேசப்படுகிற காட்சி அது. அந்தக் கூட்டத்தில் ஆடியவர்களில் லட்சுமியும் ஒருவர். நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் யார் அவர் என்று கண்டுபிடிக்க முடியாது. நான் முயன்று பார்த்தேன்.

கூட்டத்தில் ஒருத்தியாகத் தொடங்கியவர் 1,500 படங்களுக்கு மேல் நடித்தார், 6,000 தடவைக்கு மேல் மேடை ஏறினார் என்று சொல்வார்கள். கேட்டவுடன் மலைப்பாக இருக்கும்; பிறகு, இது நடக்கிற காரியமா என்ற சந்தேகம் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1948 முதல் 2012 வரை 64 ஆண்டுகள். 1,500ஐ அதால் பிரித்தால் ஆண்டுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு படம், அதாவது மாதத்துக்கு இரண்டு. ஒரு கதாநாயகியால் இது முடியாது. குணச்சித்திர நடிகையால் முடியும். காரணம் கோல்ஷீட்டில், அதாவது ஒரு படத்துக்கு நடிகர் ஒதுக்கிக் கொடுக்கிற நாட்களில் இருக்கிறது. கதாநாயகிக்குப் படம் முழுக்க வேலை: பாட்டு, வெளிப்புறப் படப்பிடிப்பு, உடை மாற்றம் என்று வாரக் கணக்கில் நாட்கள் போகும். தாய், பாட்டி, மாமியார் என்று வருகிறவரின் காட்சிகளை ஒரே வீட்டு செட்டில் நாலைந்து நாளில் எடுத்து முடித்துவிடலாம். கோடம்பாக்கத்தில் வாகினி, ஏவிஎம், பிரசாத் என்று ஸ்டூடியோக்கள் ஒன்றுக்கொன்று தூரமில்லை. காலையில் ஒரு தளத்தில் மகனுக்குச் சோறு போட்டு, பின்னேரம் இன்னொரு தளத்தில் மருமகளைத் திட்டிவிட்டு வரலாம்.

ஆனால் அந்த நாலு நாளுக்குள் வேலை முடிய வேண்டும். நட்சத்திரம் பத்து டேக் வாங்கினால் எல்லோரும் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டி வாங்கினால் பொறுக்க மாட்டார்கள். ஒரு தடவையில் சரியாகச் செய்கிறவருக்குத்தான் அடுத்த படமும் வரும். மேடைக்காரர்களைத் தேடித் தேடி எடுத்ததற்குக் காரணமும் இதுதான். 6,000 மேடை என்பதையும் இப்படியே பார்க்கலாம். நாள் தவறாமல் ஏறினாலும் பதினாறு ஆண்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு பழகிய உடம்புக்கு இரண்டாவது டேக் எதற்கு?

ஊதியத்தில் மட்டும் இந்தத் திறமைக்கு ஈடு இருந்ததில்லை. குணச்சித்திர நடிகர்களுக்கு நாள் கணக்கில் சம்பளம். எண்ணிக்கை கூடியதற்குக் கலைத்தாகத்தோடு வீட்டுச் செலவும் ஒரு காரணம் என்பதை மறைக்கத் தேவையில்லை. லட்சுமி கலியாணம் செய்துகொள்ளவில்லை. தன் உழைப்பிலேயே நின்றவர்.

இனி வயதுக் கதைக்கு வருகிறேன். தமிழ் சினிமா பெண்களை எவ்வளவு வேகமாகக் கிழவியாக்கும் என்பதற்கு உதாரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1952இல் ‘பராசக்தி’யில் சிவாஜிக்கு ஜோடியாக வந்தவர் பண்டரிபாய். 1969இல் ‘தெய்வமகன்’ வந்தபோது மூன்று சிவாஜிகளில் ஒருவருக்கு மனைவி, மற்ற இருவருக்கும் தாய். பதினேழு ஆண்டுகளில் சிவாஜி இன்னும் காதலிக்கிற பையனாகவும் வரலாம், பண்டரிபாய் வர முடியாது. வடிவுக்கரசியைப் பாருங்கள். 1979இல் ‘கன்னிப் பருவத்திலே’ படத்தில் கதாநாயகி. 1985இல் ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்கு வாய்த்த, கரித்துக்கொட்டுகிற பெண்சாதி. 1997இல் ‘அருணாச்சலம்’ படத்தில் கூனல் விழுந்த கிழவி. 2007இல் ‘சிவாஜி’ படத்தில் ரஜினிக்குத் தாய், அதுவும் ரஜினியைவிட வயதில் இளையவராக இருந்துகொண்டே. அவர் எதிலும் சோடை போகவில்லை. ‘முதல் மரியாதை’யில் அந்த வாயைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் உண்மையாகவே அவரைத் திட்டியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விருது ஒரு நடிகைக்கு வேறென்ன? ஆனாலும் ஒவ்வொரு படியிலும் அவர் ஏதோ ஒன்றை விட்டு இறங்கி வந்ததாகவே பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். நேற்றைய கதாநாயகி இன்றைக்கு அம்மா என்று பத்திரிகைகள் எழுதும்.

லட்சுமிக்கு அந்த இறக்கம் இல்லை. மேலே ஏற்றி வைத்து, பிறகு இறக்கிவிட யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. முப்பதுகளிலேயே கிழவியின் வீட்டுக்குள் குடிபோய், அந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தனக்கே உரியதாக ஆக்கிக்கொண்டார். முதலில் நடையிலும் குரலிலும் வரவழைத்த வயது, பிறகு உண்மையாகவே வந்து சேர்ந்தது. அறுபதைத் தாண்டியபோது அவர் கையில் முப்பது ஆண்டு பழகிய முதுமை இருந்தது. நடித்த முதுமை எது, வந்த முதுமை எது என்று பார்ப்பவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருடைய ஆகச் சிறந்த படங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

அதைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தியவர் கமல்ஹாசன். ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990), ‘தேவர் மகன்’ (1992), ‘மகாநதி’ (1994), ‘விருமாண்டி’ (2004) என்று திரும்பத் திரும்ப அவரை அழைத்தார். முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் கைசுத்தம் இல்லாத பாட்டி, பேசுவது பிராமணத் தமிழ். ஊர்வசியின் பாட்டியாக வந்து, கண் ஒரு பக்கம் பார்க்க, கை இன்னொரு பக்கம் சாமானை எடுத்துப் பைக்குள் போடும். முகத்தில் பக்தி, கையில் களவு. அந்தக் கையை மட்டும் பாருங்கள். அவசரமே இருக்காது. வீட்டுச் சாமானை ஒழுங்குபடுத்துகிற மாதிரி அவ்வளவு இயல்பாக எடுக்கும். சிரிப்பு வருவது அந்த நிதானத்தால்தான். ‘விருமாண்டி’யில் அதே மனுசி தெற்கத்திப் பேச்சோடு, சண்டியர்ப் பேரனை வளர்த்த அப்பத்தாவாக இருக்கிறார். அது அவர் பிறந்த மண்ணின் பேச்சு. இரண்டு பாட்டிகளுக்கும் இடையில் சாதி, ஊர், மொழி எல்லாம் வேறு. பாட்டி வேடம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோமே, அதற்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று காட்டியவர் அவர்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். இந்தியப் படங்கள் திருகோணமலைக்கு வந்த வழி காலத்துக்குக் காலம் மாறியது. அம்மம்மாவின் காலத்தில் தியேட்டர்தான். கைவண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொண்டு போவார்களாம். 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்து படங்களின் இறக்குமதியைக் கையில் எடுத்தபிறகு, வருகிற தமிழ்ப் படங்கள் குறைந்தன. வந்த படமும் பிந்தி வந்தது. அப்புறம் யுத்தம். மாலையானால் வீதி வெறிச்சோடிவிடும் காலத்தில் இரண்டாம் காட்சிக்கு யார் போவது? படம் பார்ப்பது வீட்டுக்குள் வந்தது. வாடகைக்கு வீடியோ டெக், தேய்ந்த வீடியோக் கொப்பி, கோடு விழுந்த படம், கறண்ட் போனால் பாதியில் நிற்கும் கதை. 1998இல் சக்தி ரிவி தொடங்கியது; தமிழ்நாட்டுத் தொடர்கள் எங்கள் வீடுகளுக்குள் தினமும் வரத் தொடங்கின. பிறகு டிஷ். இத்தனை வாசல் மாறியும், எந்த வாசலால் வந்த படத்திலும் ஏதோ ஒரு மூலையில் அந்த முகம் இருந்தது. கதாநாயகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அம்மம்மா பெயர் கேட்காமலே அவரை அடையாளம் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

‘மகாநதி’யை நாங்கள் பார்த்தது அப்படி ஒரு வாடகைக் கொப்பியில். மனைவியை இழந்த கிருஷ்ணசாமி, இரண்டு பிள்ளைகள், அந்த வீட்டைக் கட்டிக் காக்கிற மாமியார் சரஸ்வதி. அந்த மாமியார்தான் லட்சுமி. பட்டணத்துக்காரனை நம்பிச் சீட்டுக் கம்பெனி தொடங்கி, ஏமாற்றப்பட்டு, கிருஷ்ணசாமி சிறைக்குப் போகிறான். பிள்ளைகள் கிழவியின் கையில். அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கமலின் நடிப்பையும் கொல்கத்தாக் காட்சியையும் பேசுவார்கள்; பேச வேண்டியதுதான். கதையின் கட்டுமானத்தைப் பார்த்தால் வேறொன்று தெரியும். தகப்பன் சிறைக்குப் போனவுடன் அந்தக் குடும்பம் உடையவில்லை. கிழவி நோயில் விழுந்தபோதுதான் உடைகிறது. மருந்துச் செலவுக்காக அந்தப் பெண்பிள்ளை வெளியே போகிறாள். கதை இருட்டுக்குள் இறங்குவது அந்த இடத்தில்தான். ஒரு முதிய பெண்ணின் உடம்பு தாங்கிக்கொண்டிருந்த கூரை அது.

திருகோணமலையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையிலேயே தகப்பன் பிடிபட்டுப் போன வீடு இருந்தது. தாய் சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போன வீடு இருந்தது. இடம்பெயர்ந்து வந்து, பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுக் காணியைப் பார்க்கத் திரும்பிப் போனவர்களின் வீடும் இருந்தது. எல்லா வீட்டிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது ஒரு அம்மம்மா அல்லது அப்பம்மா. கால் வீங்கியிருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக மாட்டார்கள். நான் படுத்தால் இதுகளைப் பார்க்க ஆர் இருக்கினம் என்பார்கள். அந்தப் படத்தை வைத்துவிட்டு எங்கள் வீட்டுப் பெண்கள் அழுதது சினிமாவுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கிழவி படுக்கையில் விழுகிற இடம் வரும்போது அம்மம்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவார். தேத்தண்ணி போடுகிற சாட்டு. அங்கிருந்தபடியே “முடிஞ்சுதா?” என்று கேட்பார். எத்தனை தரம் பார்த்தாலும் அப்படித்தான்.

சின்னத்திரை இந்தக் கலைஞர்களுக்குச் செய்த நன்மையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். மெகா தொடர்களைத் திட்டுவது எளிது. இழுவை, அழுகை, பழிவாங்கல் எல்லாம் உண்மைதான். ஆனால் சினிமாவில் கூட்டுக் குடும்பக் கதைகள் அருகி, பாட்டி இல்லாத பிளாட்டுகளில் கதாநாயகர்கள் குடியேறிவிட்ட காலத்தில், அந்த முதியவர்களுக்கு வேலை கொடுத்தது தொடர்கள்தான். தொடருக்கு ஒரு வீடு வேண்டும், வீட்டுக்கு ஒரு மூத்தவர் வேண்டும். அந்த மூத்தவர் வாரத்தில் ஐந்து நாள் எங்கள் வீட்டுக்குள்ளும் வருவார். படத்தில் நாலு காட்சியில் வந்து போனவரை, தொடரில் மாதக் கணக்கில் பார்க்கலாம். வேலையின் வேகம் சினிமாவைவிடக் கொடியது. ஒரு நாளைக்கு இவ்வளவு காட்சி என்று எடுத்தே ஆக வேண்டும். பல தளங்களில் கமராவுக்கு வெளியே நின்று ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுக்கொண்டே முகத்தில் உணர்ச்சியைக் கொண்டுவர வேண்டும். எண்பதைத் தாண்டிய ஒருவர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தார் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் பழைய மேடைகள் நிற்கின்றன.

மனோரமாவோடு இவரை ஒப்பிடுகிறவர்கள் உண்டு. இருவரும் நாடகத்தில் இருந்து வந்தவர்கள், இருவருக்கும் ஆயிரத்தைத் தாண்டிய படக் கணக்கு. மனோரமாவுக்குக் கின்னஸ், பத்மஸ்ரீ, தேசிய விருது எல்லாம் கிடைத்தன. ஆச்சி என்று உலகமே அழைத்தது. அத்தனைக்கும் அவர் தகுதியானவர். லட்சுமிக்குக் கலைமாமணி கிடைத்தது. சனங்கள் நடுவே அவர் பெயர் பரவவில்லை. முகம் தெரியும், குரல் தெரியும், பெயர் தெரியாது. சர்வர் சுந்தரத்து அம்மா, திருட்டுப் பாட்டி, மகாநதிக் கிழவி என்று வேடத்தின் பெயரால்தான் எங்கள் ஊரில் அவரைச் சொல்வார்கள். இது எனக்கு உறுத்துகிறது. ஒருவர் தன்னை முழுக்க வேடத்துக்குள் கரைத்துவிட்டால், பார்க்கிறவர்கள் வேடத்தைத்தான் கூப்பிடுவார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் 64 ஆண்டு உழைத்தவருக்குப் பெயரையாவது ஞாபகம் வைத்திருப்பது நாங்கள் செய்யக்கூடிய மிகச் சின்ன காரியம். அதனால்தான் இந்தக் கட்டுரையில் எஸ். என். லட்சுமி என்று முழுப் பெயரையும் எழுதினேன்.

2012 பெப்ரவரி 20ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார். தொடரில் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. இரவுச் செய்தியில் படத்தைக் காட்டினார்கள். அம்மம்மா ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அந்தப் படம் இருந்தால் போடு என்றார். எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை.

‘சர்வர் சுந்தர’த்தின் பிற்பகுதியில் மகன் பெரிய நடிகனாகிவிடுவான். படப்பிடிப்பில் இருக்கும்போதே தாய் சாகக் கிடப்பாள். செய்தி உரிய நேரத்தில் அவனுக்குப் போய்ச் சேராது. அம்மம்மாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், இருவரும் கனடாவில். அன்றைக்குப் படம் அந்த இடத்தை நெருங்கும் மட்டும் பார்த்தார். தாய் சிரித்துக்கொண்டிருக்கிற ஒரு காட்சியில் கையைக் காட்டினார்.

“இதோட காணும், நிப்பாட்டு.”